காத்து கருப்பு

1988-ஆம் வருடம், ஆடி மாதம் என்று நினைவு. பரளச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பிறந்து மூன்று நாளான பெண்குழந்தையை எடை பார்க்கப் போயிருந்தேன். அப்போது எங்களிடம் இருந்தது கொக்கித் தராசு. வீட்டு விட்டத்தில் கயிற்றைப் போட்டுத் தராசை மாட்டி, கொக்கியில் துணித் தூளி கட்டி, அதில் குழந்தையைக் கிடத்த வேண்டும். அந்த வீட்டில் கயிறு நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. எக்கி விட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரலோடு அப்பிக்கொண்டு வந்தது புகைக்கரி. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு எடை பார்த்தேன். 2 கிலோ 100.

நாள் நிறைந்து பிறந்த பிள்ளை. இரும்புச்சத்து மாத்திரை நூறையும் விழுங்கியவள்தான் தாய், ஊசி இரண்டையும் போட்டுக்கொண்டவள். "எங்க வம்சமே சின்ன உருவந்தான் நர்சம்மா" என்றார் மாமியார். நோட்டில் "தாய்க்குச் சத்துக்குறைவு" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குச் சைக்கிளை மிதித்தேன். என் விரலில் ஒட்டிய கரி, அதே கூரைக்குக் கீழே பத்து மாதம் சமைத்தவளின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்குப் பல வருடங்கள் ஆயின.

எங்கள் மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது 1985-இல். அடுத்த வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். 2024-இல் ஓய்வு பெறும்வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கமே என் வாழ்க்கை. திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர் பிறந்த ஊர், திருமேனிநாதர் கோயில். எங்களுக்கு அது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் காணும் குண்டாறு, பருத்தியும் மல்லியும் விளையும் கரிசல், கண்மாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். விறகுப் பஞ்சத்துக்கென்று வந்த மரம் அது. மழை பொய்த்த வருடங்களில் பாதி ஊருக்கு அதுதான் அடுப்பெரித்தது, கூலியும் கொடுத்தது. அதைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து முழுமனதாகத் திட்ட என்னால் முடிந்ததில்லை.

எடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. உலகம் முழுக்க அதுதான் கோடு. கொக்கித் தராசில் நூறு கிராமுக்கு ஒரு கீற்று இருக்கும். குழந்தை கையைக் காலை உதைக்கும், முள் ஆடும். ஆடுகிற முள்ளை எங்கே நின்றதாகப் படிப்பது என்பது பார்க்கிறவர் மனதைப் பொறுத்தது. இரண்டரைக்குக் கீழே எழுதினால் கூடுதலாக வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், மாதக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். அதனால் 2 கிலோ 400-உம் 2 கிலோ 450-உம் நோட்டில் ஏறும்போது இரண்டரை ஆகிவிடும். அந்தக் கால நோட்டுகளைப் புரட்டினால் 2.5, 2.5 என்று வரிசை கட்டி நிற்கும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இன்னொன்று, பிறந்த முதல் சில நாளில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் எடை இறங்கும். மூன்றாம் நாள் தராசு காட்டுவது பிறந்த எடை அல்ல. வீட்டுப் பிரசவக் காலத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்த நாளின் எடையைத்தான் பிறந்த எடை என்று எழுதினோம். இப்படிச் சின்னதாய்ப் பிறந்தவர்கள் சிலர் எங்கள் நோட்டுக்குள் தொலைந்துபோனார்கள், அப்படிப் பிறக்காத சிலர் சின்னவர்களாக ஏறினார்கள். எத்தனை பேர் சின்னதாய்ப் பிறக்கிறார்கள் என்பதே தெரியாதபோது, ஏன் அப்படிப் பிறக்கிறார்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் நரிக்குடிப் பக்கம் மாற்றலாகிப் போனேன். கரிமூட்டங்களை அங்கேதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டிய சீமைக் கருவேலத்தைத் துண்டு போட்டு வட்டமாக அடுக்குவார்கள். மேலே வைக்கோலும் தழையும் போட்டு, ஈரமண்ணைக் குழைத்துப் பூசி மூடி, காற்றுக்குச் சில துளை மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளையாய், கனமாய்ப் புகை வரும். அது விறகின் ஈரம். நாள் போகப்போகப் புகை மெலிந்து நீலமாகும். அப்போது கரி பழுத்துவிட்டது என்று துளைகளை அடைப்பார்கள். அந்த நாட்களில் இரவும் பகலும் ஆள் நிற்க வேண்டும். மண் பூச்சு எங்கேயாவது வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும், பட்ட பாடு வீண். வெடிப்பைக் கண்டதும் மண் குழைத்து அப்ப வேண்டும். புகை பீறிக்கொண்டு வருகிற இடமும் அதுதான். ஆண்கள் முள்வெட்டப் போய்விட்டால் அந்த வேலை பெண்கள் தலையில் விழும். ஆறிய பிறகு கிளறிப் பொறுக்கி, சலித்துச் சாக்கில் கட்டுவதும் அவர்கள்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக முன்பணம் வாங்கியிருப்பார்கள். கூலி மூட்டைக் கணக்கு. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கு நேராகாது.

அங்கே ஒரு பெண். கல்யாணமாகி வந்த வருடமே மூட்டத்தில் வேலைக்கு நின்றாள். நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகும் எட்டாம் மாதம்வரை மண் அப்பினாள், கரி சலித்தாள். நான் போகும்போதெல்லாம் "தலை வலிக்கு மாத்திரை தாங்கக்கா" என்பாள். கொடுத்துவிட்டு வருவேன். ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே பிரசவமானது. 1 கிலோ 900. அந்தப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு துணியில் சேர்த்துக் கட்டி, கதகதப்பில் வைத்தே காப்பாற்றினோம். மூன்று வருடம் கழித்து இரண்டாவது. அந்த முறை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நெசவாளர் தெரு, மண்ணெண்ணெய் அடுப்பு, தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றும் வேலை. 2 கிலோ 700-இல் பையன் பிறந்தான்.

இதை வைத்துப் புகைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலைப்பிள்ளை பெரும்பாலும் கொஞ்சம் எடை குறைவாகவே இருக்கும். தாய்வீட்டுச் சோறும் ஓய்வும் சேர்ந்திருக்கும். ஆனாலும் அந்த இரண்டு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்கு அவளுடைய தலைவலி நினைவுக்கு வந்தது. அது பசித் தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்திருந்தேன். காற்று போதாமல் விறகு வேகும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்காரும். தாயின் ரத்தத்தைவிட வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் அது இன்னும் கூடுதலாகச் சேரும். மூட்டம் என்பதே காற்றை மறித்து விறகை வேகவைக்கிற வேலை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை. இருக்கிற கொஞ்ச ரத்தத்திலும் இந்த வாயு இடம் பிடித்தால் பிள்ளைக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்? மாத்திரை கொடுத்து ரத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ரத்தம் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

அதன்பின் என் பையில் சொந்தமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். அரசாங்க நோட்டில் பெயர், வயது, எத்தனையாவது பிள்ளை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அடுப்புக்குக் கட்டம் கிடையாது. என் நோட்டில் அதை எழுதினேன். கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். "புகை தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். புகை அவளுக்குத் தொந்தரவு அல்ல, அது அடுப்படியின் குணம். "சமைக்கையில கண்ணுல தண்ணி வருதா? மழைக்காலத்துல எங்க வச்சு எரிக்கிறீக? ஊதுகுழல் எத்தனை தடவை எடுக்கணும்? பெரிய பிள்ளை சமைக்கையில மடியில இருக்குமா?" என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். பருத்திமார் சட்டென்று பிடித்து எரியும், ஆனால் அடுப்பைவிட்டு எழ முடியாது, தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சீமைக் கருவேலம் நின்று எரியும். எருவாட்டி எரியாமல் புகையும். மழைக்காலத்தில் ஈரவிறகு. எந்த மாதத்தில் எந்தப் பெண் எவ்வளவு புகைக்குள் இருப்பாள் என்பதை வெள்ளாமையை வைத்தே சொல்லிவிடலாம்.

எண்பதுகளில் புகையில்லா அடுப்பு என்று ஒரு திட்டம் வந்தது. களிமண் அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் குழாய். நாங்களும் வீடுவீடாகச் சொன்னோம். ஒரு வருடத்தில் குழாய்க்குள் கரி படிந்து அடைத்துக்கொண்டது. குழாய் போன ஓட்டை வழியே மழை ஒழுகியது. துடைக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, உடைந்த குழாய்க்கு மாற்று கிடைக்கவில்லை. அந்த அடுப்புகளைப் பிறகு பல வீடுகளில் கோழி அடைகாக்கும் இடமாகத்தான் பார்த்தேன். ஒரு பொருளைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அப்போது பார்த்தேன். பின்னால் கேஸ் வந்தபோதும் அதையேதான் பார்த்தேன்.

2007-க்குப் பிறகு மாநில அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா கேஸ் திட்டம் வந்தது. மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், சிலிண்டர் மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி நிற்கும். காப்பித்தண்ணிக்கும் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் கேஸ். சோறு வடிக்க, குளிக்க வெந்நீர் போட, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க விறகு. அவர்களைக் குறை சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. 2022-இல் 14.2 கிலோ சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. சீமைக் கருவேலமோ வீட்டுக்குப் பின்னால் காசில்லாமல் நிற்கிறது. ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "கேஸ் தீர்ந்தா நான் வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்க்கா. விறகு தீர்ந்தா நானே போய் வெட்டிக்கிருவேன்." யாரிடமும் கை நீட்டாமல் கிடைக்கிற எரிபொருளை அவள் எப்படி விடுவாள்?

இதற்கிடையில் படித்தவர்களும் இதைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். நான் கண்ணால் கண்டது அவர்கள் கணக்கில் வந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, அவர்கள் வீட்டுக் காற்றையும் பிள்ளைகளின் எடையையும் அளந்து, 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறந்த எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது, எடைக்குறைவுப் பிள்ளைகளின் பங்கு 2 சதவீதம் கூடியது. நான்கு கிராம் என்ன பெரிது என்று தோன்றும். விறகு எரியும் அடுப்படியில் 10 என்பது ஒன்றுமே இல்லை, அங்கே அது நூற்றுக்கணக்கில் ஏறும். ஏற்கெனவே இரண்டரைக் கோட்டின்மேல் நிற்கிற பிள்ளையைக் கீழே தள்ளக் கொஞ்சம் கிராம் போதும்.

2019-இல் ஒரு பயிற்சி வகுப்பில் மருத்துவர் ஒருவர் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வைச் சொன்னார். பிரசவமான தாய்மார்களின் நஞ்சுக்கொடியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்திருக்கும் பக்கத்திலேயே கரித்துகள் இருந்ததாம். வாகனப் புகையும் மற்ற புகையும் தாயின் மூச்சு வழியாகப் போய் அங்கே படிந்திருக்கிறது. எத்தனை நஞ்சுக்கொடிகளை இந்தக் கையால் பார்த்திருக்கிறேன். முழுதாக வந்துவிட்டதா, ஏதாவது தங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புதைக்கக் கொடுத்துவிடுவேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பரளச்சி வீட்டின் விட்டம் கண்முன்னே வந்து நின்றது.

பிறகு ஒரு ஏமாற்றமும் வந்தது. அதையும் சொல்லாவிட்டால் நான் சொல்வது நேர்மையாக இருக்காது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு. நம் மாநிலத்தில் நாகப்பட்டினம் பக்கமும் விழுப்புரம் பக்கமும் நடந்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கம்போல விறகு. 2022-இல் முடிவு வந்தது. விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் வாங்கியவர்களுக்கு அது சுமார் 24 மட்டுமே. ஆனால் பிள்ளைகளின் சராசரி எடை கேஸ் பக்கம் 2,921 கிராம், விறகுப் பக்கம் 2,898. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கேட்டதும் மனம் சோர்ந்துவிட்டது. பின் நிதானமாக யோசித்தேன். அவர்கள் சேர்ந்தது ஒன்பது வாரத்துக்குப் பிறகு, இருபது வாரத்துக்குள். நஞ்சுக்கொடி வேர்பிடித்து உருவாவது முதல் மூன்று மாதத்தில். நாம் போய்க் கதவைத் தட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. தன் வீட்டு அடுப்பு மாறினாலும் பக்கத்து வீட்டுப் புகையும் தெருவில் எரியும் குப்பையும் மாறவில்லை. பிள்ளையின் எடைக்குத் தாயின் சாப்பாடு, ரத்தம், வேலைப்பளு, கல்யாண வயது என்று பல கயிறுகள். ஒன்றை மட்டும் இழுத்தால் போதாது. கேஸ் வீண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தாய்க்கு எட்டுகிற புகை பாதிக்கும் மேல் குறைந்ததே, அது அவள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதுதான். பிள்ளைக்கு என்றால் இன்னும் முன்னதாக, கல்யாணமாகி வரும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை ஊரில் எப்படிச் சொல்வது? மைக்ரோகிராம் என்றால் யாருக்குப் புரியும்? அதற்கான வார்த்தையை ஒரு கிழவி எனக்குக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியை உச்சிப்பொழுதில் புளியமரத்துப் பக்கம் விடமாட்டார்கள். அந்திநேரம் வெளியே போனால் தலையில் வேப்பிலை, கையில் ஒரு இரும்புத் துண்டு. "காத்து கருப்பு அண்டிரும், பிள்ளை தங்காது" என்பார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பாடம் நடத்தியிருக்கிறேன். திருச்சுழிக்கு அருகே ஒரு ஊரில், மூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று மருமகளுக்கு அதே எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார் அந்தப் பெரியம்மா. அவள் மூன்று மாதம். முகமெல்லாம் கரி. புகை எங்கள் மூவர்மீதும் கவிந்து வந்தது. எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. காற்று, கருப்பு. இரண்டும் என் கண்ணெதிரே இருந்தன.

"பெரியம்மா, நீங்க சொல்றது சரிதான். புள்ளைத்தாச்சிய காத்து கருப்பு அண்டக்கூடாது. அது புளியமரத்துல இல்ல, இந்தா இதுலதான் இருக்கு" என்று மூட்டத்தைக் காட்டினேன். மருமகளின் முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்து, வந்த கரியைக் காட்டினேன். "இது உள்ள போயி கொடிவரைக்கும் ஒட்டுது" என்றேன். பெரியம்மா வெகுநேரம் அந்தத் துணியைப் பார்த்தார். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் போனபோது மூட்டத்தில் மருமகள் இல்லை. பெரியம்மாவே மண் குழைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எல்லா ஊரிலும் அந்த வார்த்தையையே சொன்னேன். வெந்நீர் அடுப்பைக் கூரைக்கு வெளியே, காற்று போகும் பக்கமாக வையுங்கள். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே மூட்ட வேலையிலிருந்து பெண்ணை எடுத்துவிடுங்கள். மூட்டத்தை வீடுகளைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணையாக வரும் 14,000 ரூபாய், வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களுக்கான பணம். அதில் சிலிண்டருக்கு முதலில் எடுத்து வையுங்கள். பிள்ளை பிறந்த பிறகு மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய சண்டை. அதில் பல வீடுகளில் தோற்றேன்.

அந்தப் பெரியம்மாவின் மருமகளுக்கு 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆனது. நாள் நிறைந்த பெண்குழந்தை. இப்போது விட்டமும் கயிறும் வேண்டாம், மின் தராசு. குழந்தையைக் கிடத்தியதும் எண் நின்றுவிடும். 2.450. பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பது கிராம்தானக்கா குறையுது, இரண்டரைன்னே போட்டுருவோமா?" என்று பக்கத்தில் நின்ற புதுச் செவிலியர் மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டது அன்பினால்தான். அந்த வீட்டார் பட்ட பாட்டுக்கு ஒரு நல்ல எண் கிடைக்கட்டுமே என்று.

நான் அவளை உட்காரவைத்து, 2 கிலோ 450 என்று எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே, கட்டமில்லாத ஓரத்தில், "முதல் மூன்று மாதம் கரிமூட்ட வேலை, பிறகு நிறுத்தம், வீட்டில் விறகும் கேஸும்" என்று என் கையால் எழுதினேன். பெரியம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். "கொஞ்சம் குறைவுதான் பெரியம்மா. அடுத்ததுக்கு முதல் நாள்லேருந்தே பாத்துக்கிருவோம்."

"அடுத்தது இருக்கட்டும் தாயி" என்றார் அவர். "இளைய மருமக வந்து ஒரு மாசந்தான் ஆகுது. அவள இன்னையோட மூட்டத்துக்குப் போகவேணாம்னு சொல்லிர்றேன்."